கார் டயர் மாற்றப் போகிறீர்களா? விலையைக் கடைசியில் கேளுங்கள்

டயர் கடைக்குள் நுழைந்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "எவ்ளோண்ணா?" 2021-இல் நானும் அப்படித்தான் கேட்டேன். "ஆஃபர்ல போகுது சார்" என்று இரண்டு டயர்களை மாட்டிவிட்டார்கள். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, ரோட்டில் படும் பட்டன் பகுதி புதுசாகவே இருக்க, சைடு வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. தண்டையார்பேட்டையில் தெருவில்தான் வண்டி நிற்கும், வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பஞ்சர் ஒட்ட வந்த அண்ணன் டயரைத் தடவிப் பார்த்து ஓர் எண்ணைக் காட்டினார்: 1117. அது என்னவென்று கீழே சொல்கிறேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் மொட்டை, பேச்சே இல்லை. நான் அதுவரைகூட விடமாட்டேன். மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதே அந்தப் பள்ளங்கள்தான். வியாசர்பாடி பக்கம் ஐப்பசி மழையில் ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேய்ந்த விதத்தையும் கவனியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் என்றால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டிலோ (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சஸ்பென்ஷனிலோ கோளாறு இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில் தேயும். சைடு வால் எங்காவது கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால், பள்ளத்தில் இறங்கி உள்ளே இழை அறுந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போய் ஆணி, போல்ட் ஏறினால், பட்டன் பகுதியில் என்றால் பஞ்சர் ஒட்டலாம். சைடு வாலில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது அளவு. டிரைவர் கதவைத் திறந்தால் கதவோரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் எழுதியிருக்கும். போன் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், முந்தைய ஓனர் என்ன மாட்டினாரோ!

165/80 R14 85T என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது சைடு வாலின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். R என்றால் ரேடியல், அது டயர் செய்யப்பட்ட விதம்; 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. மூலக்கடை சிக்னலில் 190 எதற்கு என்று சிரிக்க வேண்டாம், அந்த எழுத்து டயர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதையும் காட்டுகிறது. கடைசி இரண்டும் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் கூடலாம், குறையக் கூடாது.

"இதைவிட அகலமானதும் செட்டாகும் சார்" என்பார்கள். சில நேரம் உண்மைதான். 185/65 R15 எடுத்தால் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதே 62 சென்டிமீட்டர்தான், ஆனால் ரிம்மையும் மாற்ற வேண்டும். முதல் தடவை வாங்குபவருக்கு என் யோசனை: ஸ்டிக்கரில் உள்ள அளவையே வாங்குங்கள்.

சரி, அந்த 1117. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2017-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். எனக்கு விற்கும்போதே அதற்கு நான்கு வயது! ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். இந்த எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு டயரிலும் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் செய்ததைக் கேளுங்கள், ஒரு வருடம் தாண்டியதை நான் தொடுவதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். காருக்கு ரீபட்டன் டயர், அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டியது, வேண்டவே வேண்டாம்.

கம்பெனி? எம்.ஆர்.எஃப். 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதே நம் திருவொற்றியூரில்தான், அதனால் இந்தப் பக்கம் பலருக்கு வேறு பெயரே வாயில் வராது. ஊர்ப்பாசம் இருக்கட்டும். எந்தக் கம்பெனியானாலும், முன்னால் இரண்டும் ஒரே ரகம், பின்னால் இரண்டும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். அதைத்தான் நான் பார்ப்பேன்.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். கடைக்காரர் முன்னால்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பார், விடாதீர்கள். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

இப்போது விலை கேளுங்கள். டயர் மட்டுமா, புது வால்வு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது), அலைன்மென்ட் சேர்த்தா? 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் பாருங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சைடு வாலில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சக்கரம் அந்தத் திசையில் சுழல வேண்டும். நட்டைக் கடைசியில் கை ஸ்பேனரால் ஒருமுறை முடுக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய மொட்டை டயரை மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் போடாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுதான் வீடு. கடையிலேயே கொடுத்து, பில்லில் கொஞ்சம் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.