துணி நாற்காலிக்குப் பெயின்ட் அடிக்கலாம், பலகையாகாமல்

முதல் நாற்காலியை நான் கெடுத்தேன். பெயின்ட் காய்ந்ததும் இருக்கை பலகைபோல் விறைத்தது. உட்கார்ந்த உடனே குறுக்கே விரிசல் ஓடியது. அதே டப்பாவில் மிச்சமிருந்த பெயின்டை அடித்த இரண்டாவது நாற்காலியில் இப்போது உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெயின்டில் தவறில்லை, என் கையில்தான்.

முதலில் துணியைப் பாருங்கள். தட்டையான நெசவு என்றால் நல்லது. வெல்வெட் போல மயிர் நிற்கும் துணியை விட்டுவிடுங்கள், மயிரெல்லாம் முள்ளாகிக் குத்தும். பிறகு யார் கண்ணிலும் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்கினால் வேலையைத் தொடங்கலாம். முத்தாக உருண்டு நின்றால் துணியில் கறைதடுப்புப் பூச்சு இருக்கிறது. பெயின்டும் அப்படியே மேலே நிற்கும். அடர்நிறத் துணிமேல் வெளிர்நிறம் அடிக்கவும் ஆசைப்படாதீர்கள்.

தூசியை உறிஞ்சி எடுப்பது, மரக்கால்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கலவைக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் வேண்டும், பளபளப்பு இல்லாததாக. எனாமல் கூடவே கூடாது. இரண்டு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு ஃபேப்ரிக் மீடியம், அதாவது துணிக்கு அடிக்கும் பெயின்டில் கலக்கும் திரவம், சேர்க்கிறேன். உங்கள் புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். காய்ந்த பெயின்ட் வளைந்துகொடுப்பது இந்த மீடியத்தால்தான். தூரிகையைத் தூக்கினால் கலவை நூலாக இழுபடாமல் சொட்டாக விழ வேண்டும். அதுவரை தண்ணீர் விடுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆன்னி ஸ்லோன் 1990இல் உருவாக்கிய, பளபளப்பில்லாமல் காயும் சாக் பெயின்டைத் தண்ணீரில் கரைத்து அடிப்பவர்களும் உண்டு. அதற்கு மீடியம் தேவையில்லை, ஆனால் கடைசியில் மெழுகு தேய்க்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இனி முதல் கோட். நான் சறுக்கியது இங்கேதான்.

தெளிப்பானால் துணியை நனையுங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. முடி குட்டையாகவும் விறைப்பாகவும் உள்ள தூரிகையால் பெயின்டைத் தேய்த்து உள்ளே ஏற்றுங்கள்: நெசவின் நீளத்தில், குறுக்கே, பிறகு வட்டமாக. ரோலர் பெயின்டைப் பரப்புமே தவிர உள்ளே ஏற்றாது. முதல் கோட் முடிந்ததும் நாற்காலி அசிங்கமாக இருக்கும். பழைய பூ எட்டிப்பார்க்கும், திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். நான் அதைப் பொறுக்க மாட்டாமல் உலர்ந்த துணிமேல் மேலும் மேலும் அப்பினேன். இழை ஒவ்வொன்றையும் சுற்ற வேண்டிய பெயின்ட் மேலே ஒரே ஏடாகப் படிந்தது. ஏடு வளையாது, உடையும்.

ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் 220 எண் உப்புத்தாளால் லேசாக, வலிக்காமல் தேயுங்கள். விறைத்து நிற்கும் முடிகள் போய்விடும். பொடியைத் துடைத்து, மறுபடி நனைத்து, அடுத்த கோட். எனக்கு மூன்று கோட் ஆயிற்று. பொத்தான் குழிகளுக்கும் ஓரத்தில் கயிறுபோல் தைத்திருக்கும் பைப்பிங்குக்கும் சிறு தூரிகை வேண்டும். இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கைக் கையால் விரித்துப் பிடித்து அடியுங்கள், இல்லாவிட்டால் உட்காரும்போது பழைய நிறம் பல்லைக் காட்டும்.

சூடு காட்டச் சொல்லி மீடியம் புட்டியில் எழுதியிருந்தால் மேலே ஒரு துணி போட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். அவசரப்பட்டு உட்காராதீர்கள், நான் நான்கு நாள் காத்திருந்தேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்தவர் ஒருவர், வெள்ளை உடையில் நிறம் ஒட்டியதாக எழுதியிருந்தார். சூடு காட்டும் படியை அவர் விட்டுவிட்டாராம். உட்காரும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இன்னொருவர் குஷன் உறையைக் கழற்றிப் பெயின்ட் அடித்துவிட்டு, விறைத்த உறைக்குள் பஞ்சைத் திணிக்க முடியாமல் திண்டாடியிருக்கிறார். உறையைக் குஷனோடேயே வைத்து அடியுங்கள். கழற்ற முடிகிற பருத்தி உறை என்றால் பெயின்டே வேண்டாம், சாயம் போடுங்கள், மென்மை போகாது. ஜிப்பின் மேலும் டேப் ஒட்டுங்கள். என்னுடையது இன்றுவரை திறக்கவில்லை.