கோடை விடுமுறை: பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை பிள்ளைகளை என்ன செய்வது?

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்ததும், அடுத்த ஒன்றரை மாதத்தை எப்படி ஓட்டப் போகிறோம் என்ற கவலை எல்லா வீட்டிலும் வந்துவிடுகிறது. கவனித்துப் பார்த்தால் காலையில் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், சாயங்காலம் தெருவிலோ மொட்டை மாடியிலோ விட்டுவிட்டால் நம்மைத் தேடுவதே இல்லை. சண்டை, அழுகை, "போர் அடிக்குதும்மா", போனுக்கான பிடிவாதம் எல்லாம் பகல் 11 மணியிலிருந்து 4 மணிக்குள்தான் நடக்கிறது. மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை போகும் அக்னி நட்சத்திரம் நம் ஊர் விடுமுறைக்கு நட்டநடுவில் வருகிறது, அந்த நேரத்தில் வெளியே அனுப்பவும் முடியாது. அதனால் விடுமுறை முழுவதற்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டும் வேலையை விடுங்கள். அந்த ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் ஒரு ஒழுங்கு செய்துவிட்டால் மீதி நாள் தானாக நடக்கும். மூன்றிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் இருக்கிற வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் காலை. லீவுதானே, தூங்கட்டும் என்று ஒன்பது மணி வரை விட்டால் வெளியே விளையாட இருக்கிற ஒரே நல்ல நேரம் போய்விடுகிறது. ஆறரைக்கு எழுப்பி முகத்தைக் கழுவி ஒரு டம்ளர் பாலோ சத்துமாவுக் கஞ்சியோ கொடுத்து, சைக்கிளையோ பந்தையோ கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள். ஒன்பது மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வரட்டும், அப்புறம் குளியல், அப்புறம் டிபன். காலையில் இரண்டு மணி நேரம் ஓடிய பிள்ளை மதியம் படுத்தால் தூங்கும். ஒன்பது மணிக்கு எழுந்த பிள்ளை மதியம் தூங்காது, நம்மையும் தூங்க விடாது, ராத்திரி பதினொன்றுக்கும் முழித்துக்கொண்டிருக்கும். விடுமுறையின் முதல் சில நாள் மட்டும் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள், பள்ளிக்கூடக் களைப்பு தீரட்டும்.

வெயில் ஏறின பிறகு

11 மணிக்கு உள்ளே வந்துவிட்ட பிள்ளைகளுக்கு முதலில் வேலை கொடுங்கள். பொழுதுபோக்குக்காகக் கொடுக்கிற பொய் வேலை வேண்டாம், அதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றைக்குச் சமையலுக்கு உண்மையாகவே வேண்டிய வேலையாக இருக்கட்டும். நாலு வயதுப் பிள்ளை கீரை ஆயும், தண்ணீரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரிக்கும், காய்ந்த துணியில் தன் துணியைப் பிரித்து எடுக்கும், சாப்பிட எல்லோருக்கும் தட்டு எடுத்து வைக்கும். எட்டு வயதுக்கு மேல் சப்பாத்தி தேய்க்கலாம், மோர் கடையலாம், நாம் பக்கத்தில் நின்றால் தோசைகூட ஊற்றலாம். முதல் வாரம் நமக்கு இரண்டு மடங்கு வேலைதான், கீரையில் பாதி தரையில் கிடக்கும், அந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுங்கள். "பாப்பா தட்டு எடுத்து வை, தம்பி போய் விளையாடு" என்பது இந்த வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது, பிறகு எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

வேலை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். இதற்கு என் முதல் ஓட்டு பல்லாங்குழிக்குத்தான். பலகை இல்லையென்றால் சாக்பீஸால் ஒரு பக்கத்துக்கு ஏழு என்று இரண்டு வரிசையாகப் பதினாலு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், புளியங்கொட்டை 70 எண்ணி வட்டத்துக்கு ஐந்தாகப் போடுங்கள். தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கையில் இருப்பது தீர்ந்தால் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அத்தோடு ஆட்டம் எதிராளிக்குப் போகும். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், உங்கள் வீட்டுப் பாட்டி எப்படி ஆடினார்களோ அதுவே உங்கள் வீட்டு விதியாக இருக்கட்டும். கூட்டல் கழித்தலை எந்த ஒர்க்ஷீட்டும் இல்லாமல் பிள்ளை இதில் போட்டுக்கொண்டே இருக்கும், எங்கே எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிற முகத்தைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து மேலே வைத்துவிடுங்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும்.

பல்லாங்குழி சலித்தால் தாயம். தாயக்கட்டை இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டால் போதும், தேய்ப்பதே ஒரு மணி நேர வேலை. மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் எட்டு வயதுக்கு மேல் நன்றாகப் பிடிக்கும். சின்னதுகளுக்குப் பரமபதம்.

சாப்பாடு ஒரு மணிக்குள் முடியட்டும். அப்புறம் ஒன்றரை மணி நேரம் வீடே அமைதி. தூங்குகிறவர்கள் தூங்கலாம், தூக்கம் வராத பிள்ளை படுத்தபடி படப் புத்தகம் பார்க்கலாம், கதைப் புத்தகம் படிக்கலாம், ஆனால் எழுந்து வரக்கூடாது, பேசக்கூடாது. இது பிள்ளைகளுக்காக மட்டும் சொல்வதல்ல. காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கோ, பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ அந்த நேரம் கட்டாயம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சாயங்காலம் நாம் போடுகிற சத்தத்துக்கும் கோபத்துக்கும் பிள்ளைகள் காரணமே இல்லாமல் ஆளாகிறார்கள்.

போனும் டிவியும் மூன்று மணிக்குத்தான், தூங்கி எழுந்த பிறகு. நேரத்தை நிரந்தரமாக வைத்துவிட்டால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பது குறையும், ஏனென்றால் பதில் அவர்களுக்கே தெரியும். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பெரிய பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், சின்னதுக்கு ஒரு மணி நேரம் என்று ஒரே வீட்டில் பிரிப்பது நடைமுறையில் முடியாது, சின்னப் பிள்ளையின் அளவையே இருவருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு போன் கொடுப்பதைவிட டிவியில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது மேல், என்ன பார்க்கிறார்கள் என்று நமக்கும் தெரியும். நிறுத்தும்போது "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லாதீர்கள், நாலு வயதுப் பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு என்றே தெரியாது. "இந்தக் கதை முடிஞ்சதும் ஆஃப்" என்றால் புரியும், அழுகையும் குறைவு. சாப்பிடும்போது மட்டும் போன் வேண்டவே வேண்டாம். விடுமுறையில் ஆரம்பிக்கிற அந்தப் பழக்கம் ஜூனில் பள்ளி திறந்தாலும் போகாது.

எல்லாம் செய்தும் "போர் அடிக்குது" என்று வரும். வரட்டும். உடனே எதையாவது கையில் திணிக்காதீர்கள். "அப்படியா, யோசி" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்த்தால், கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுப் போர்வையைக் கட்டில் மேல் போட்டு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் வடாம்

விடுமுறையில் ஒரு முறையாவது ஜவ்வரிசி வடாம் போடுங்கள். ஒரு கப் ஜவ்வரிசியை ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் விடியற்காலையில் ஐந்தாறு கப் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, பச்சை மிளகாய் விழுது, சீரகம், உப்பு சேர்த்து, இறக்கியதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். காய்ந்தால் உப்பு தூக்கலாகத் தெரியும், அதனால் இப்போது ருசிக்குக் கொஞ்சம் குறைவாகவே போடவேண்டும். கூழ் கொதிக்கும்போது பிள்ளைகள் அடுப்படிப் பக்கமே வரவேண்டாம், சுட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கைபொறுக்கும் சூடு வந்த பிறகு மாடிக்கு எடுத்துப்போய், துணியில் ஆளுக்கொரு கரண்டியால் ஊற்றவிடுங்கள். ஏழு மணிக்குள் இறங்கிவிடலாம். காக்காய் விரட்டும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பெருமையாகச் செய்வார்கள், ஆனால் காலை பத்து வரைக்கும், அதுவும் நிழலில் உட்கார்ந்துதான். தாங்களே ஊற்றின வடாத்தைப் பொரித்துத் தட்டில் வைத்தால், அன்றைக்கு ரசம் சாதம் சண்டையில்லாமல் உள்ளே போகும்.

வேலைக்குப் போகிற பெற்றோர்

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி நியாயமானது. தாத்தா பாட்டி இருந்தால் முழுப் பாரத்தையும் அவர்கள் தலையில் வைத்துவிடுகிறோம், அவர்களும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். மதிய ஓய்வு நேரத்தை அவர்களுக்காக நீங்களே பிள்ளைகளிடம் பேசி உறுதி செய்யுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஆளுக்கொரு நாள் மதியம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு பிள்ளையைவிட நாலு பிள்ளைகள் சேர்ந்தால் உண்மையில் வேலை குறைவு.

சம்மர் கேம்ப் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது: ஒன்று போதும், காலையில் இருக்கட்டும். அபாகஸ், கையெழுத்து, ஓவியம், கீபோர்டு என்று நாலைந்தில் சேர்த்தால் அது விடுமுறையே இல்லை. ஒன்றுதான் என்றால் நீச்சல். உயிரைக் காக்கிற பாடம் அது ஒன்றுதான்.

சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு 11 மணி முதல் 4 மணி வரை போக நல்ல இடம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, குளிர்சாதன வசதி இருக்கிறது, உள்ளே போகப் பணம் கட்டவேண்டாம். மாலில் ஆகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டலூர் பூங்காவைக் காலையில் திறந்ததும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடவேண்டும், அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்க்கக்கூடாது.

ஊருக்குப் போகும்போது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. மே நடுவில் போகவேண்டுமென்றால் மார்ச் நடுவிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ராத்திரிப் பயணத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் காசைப் பார்க்காமல் படுக்கை எடுத்துவிடுங்கள்.

ஊரில் கிணறு, குளம், வாய்க்கால், பம்புசெட் தொட்டி எல்லாம் இருக்கும். இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கல்யாணம், திருவிழா என்று பெரியவர்கள் இருபது பேர் கூடியிருக்கிற இடத்தில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். அதனால் தண்ணீர்ப் பக்கம் போகும்போது ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள்: "மாமா, அடுத்த அரை மணி நேரம் பசங்க உங்க பொறுப்பு." அந்த மாமா போனைப் பார்க்கக்கூடாது, கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமே இல்லாமல் போய்விடும். வீட்டிலும் குளியலறையில் நிரப்பி வைத்த வாளி, திறந்து கிடக்கும் சம்ப் மூடி இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே போதும்.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், மோர், இளநீர், நுங்கு, வெள்ளரிக்காய் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஓஆர்எஸ் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்கவேண்டும். பாதிப் பாக்கெட்டைப் போட்டு அரை டம்ளரில் கலக்குவது தவறு, கலக்கியதை ஒரு நாளைக்கு மேல் வைக்கவும் கூடாது. உடம்பு நெருப்பாகச் சுட்டு, பிள்ளை துவண்டுபோய், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். காருக்குள் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று கடைக்குப் போகாதீர்கள், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும்கூட.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது படுக்கும் நேரத்தைத் தினமும் கால் மணி நேரம் முன்னால் இழுங்கள், எழுப்புவதையும் அப்படியே. ஷூவையும் யூனிஃபார்மையும் இப்போதே போட்டுப் பாருங்கள், இந்த வயதில் ஒன்றரை மாதத்தில் கால் வளர்ந்திருக்கும். புது ஷூ வாங்கினால் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டு நடக்கவிடுங்கள், முதல் நாள் பள்ளியில் குதிகால் கடிக்காது. தைக்கக் கொடுக்கவேண்டிய யூனிஃபார்மை மே நடுவிலேயே கொடுத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் டெய்லர் கடையில் நிற்கவே இடம் இருக்காது.