பழைய மருத்துவ ஆய்வுகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவ ஆய்வு ஒன்றை இன்று எடுத்து வாசிப்பவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு, அக்காலத்து மருத்துவர்களை விவரம் அறியாதவர்கள் என்றோ மருந்து நிறுவனங்களுக்கு விலைபோனவர்கள் என்றோ முடிவு கட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவதுதான். 1980களில், மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு என்கைனைடு, ஃபிளெக்கைனைடு ஆகிய மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை எடுத்துக்கொள்வோம். மாரடைப்புக்குப் பின் இதயத்தின் கீழறைகளில் முறைதவறிய துடிப்புகள் அடிக்கடி தோன்றுபவர்கள் திடீரென இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. இந்த மாத்திரைகள் அந்தத் துடிப்புகளை அடக்கின. 24 மணி நேர ஈசிஜி பதிவில் அதைக் கண்ணாலேயே காண முடிந்தது. துடிப்பு அடங்கினால் சாவும் குறையும் என்று நினைத்தவர்களை அன்றைய நிலையில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அந்த நம்பிக்கையை உறுதிசெய்யத்தான் ‘காஸ்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஆய்வு நடந்தது. மாத்திரைக்கு முறைதவறிய துடிப்பு அடங்கியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான மருந்தும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்தால் தீங்கு நேரக்கூடும் என்பதை ஆய்வைத் திட்டமிட்டவர்கள் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. நன்மை உண்டா என்று மட்டும் பார்க்கும் ஒருபக்கப் புள்ளியியல் சோதனையைத்தான் தொடக்கத்தில் வகுத்திருந்தார்கள். 1991இல் வெளியான அறிக்கையின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். துடிப்பு அடங்கியது, ஆனால் நோயாளி இறந்தார். பழைய கட்டுரை ஒன்றில் ‘பலன் கிடைத்தது’ என்று கண்டால், எதை அளந்து அப்படிச் சொன்னார்கள் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். ஈசிஜி கோடும் இரத்தப் பரிசோதனை எண்ணும் நோயாளியின் ஆயுளுக்குப் பதிலாக வைக்கப்படும் அளவைகள் மட்டுமே.

இதே கதையில் இன்னொரு தவறுக்கும் பாடம் இருக்கிறது. அச்சில் வந்தவற்றை மட்டும் படித்துவிட்டு, அன்று தெரிந்திருந்தது அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். இதே வகையைச் சேர்ந்த லார்கைனைடு என்ற மருந்தை வைத்து 1980இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மருந்து பெற்றவர்களில் 9 பேரும் போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவரும் இறந்தார்கள். அதைத் தற்செயல் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வணிகக் காரணங்களால் மருந்தும் கைவிடப்பட்டது. முடிவு 1993 வரை வெளியிடப்படவில்லை. முன்பே வந்திருந்தால் அது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். நாற்பது ஆண்டு மருத்துவ விவாதங்களில் இதைவிட நேர்மையான ஒப்புதலை நான் அதிகம் படித்ததில்லை.

அடுத்தது விழுக்காட்டில் வரும் தவறு. மாதவிடாய் நின்ற பெண்கள் 16,608 பேரை வைத்து, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்து நடந்த ஹார்மோன் ஆய்வு 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டபோது, மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்ற செய்திதான் எங்கும் பரவியது. அந்த எண் சரியானதுதான். ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்த நோய் 38 பேருக்கு வந்தது என்பதும் அதே எண்ணின் மறுவடிவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் அஞ்சி ஓடினார்கள் அல்லது அலட்சியம் செய்தார்கள். ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும் பலர் கவனிக்கவில்லை. ஐம்பது வயதில் உடல் தகிப்பும் தூக்கமின்மையும் தாளாமல் சில ஆண்டுகளுக்கு மட்டும் ஹார்மோன் எடுக்கும் பெண்ணைப் பற்றிய கேள்வி அல்ல அது. இதயத்தைக் காக்க மூத்த பெண்களுக்கு நெடுங்காலம் ஹார்மோன் கொடுக்கலாமா என்ற கேள்வி. அதற்குக் கொடுக்கக் கூடாது என்ற விடை தெளிவாகவே கிடைத்தது. முந்தைய கண்காணிப்பு ஆய்வுகளில் ஹார்மோன் இதயத்தைக் காப்பதாகத் தோன்றியதற்கு முக்கியமான ஒரு காரணம், அதைத் தாமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நலமும் மிக்கவர்களாக இருந்தது. கருப்பை நீக்கப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இணை ஆய்வு 2004இல் வெளியானபோது, அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஆகவே ‘ஹார்மோன் ஆய்வு’ என்று ஒருமையில் பேசுவதே ஒரு பிழை.

நோயாளிகளை வயது, பாலினம் போன்ற உட்குழுக்களாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதிலுள்ள ஆபத்தைச் சொல்ல 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு ஒன்றே போதும். மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் உயிர் காப்பதை நிலைநாட்டிய அந்த ஆய்வைச் செய்தவர்கள், நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தும் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீங்கு செய்வதாகவும் மற்றவர்களுக்குப் பெரும் நன்மை செய்வதாகவும் கணக்கு வந்தது. வேண்டுமென்றே செய்த கேலி அது. உட்குழுக்களைப் பிரித்துக் காட்டும்படி கேட்டவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இருந்திருக்க முடியாது.

மருத்துவ விவாதங்களை நாயகன், வில்லன் கதையாக்குவது எல்லாவற்றிலும் கவர்ச்சியான தவறு. வயிற்றுப்புண்ணுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்துத் தமக்கு வயிற்றுப்புண் வரவழைத்துக் காட்டினார், மூத்த மருத்துவர்கள் அப்போதும் நம்பவில்லை என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. உண்மையில் அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் அல்ல. அந்தக் கிருமியை ஒழித்தால் புண் மீண்டும் வராது என்பதைக் காட்டும் சோதனைகள் 1980களின் பிற்பகுதியில்தான் வரத் தொடங்கின. 1994இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு கிருமிக்கு எதிரான சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பிடிவாதக்காரர்கள் இருந்தார்கள்தான், ஆனால் சான்றுக்காகக் காத்திருந்தவர்களையும் அவர்களோடு சேர்த்து எண்ணுவது நியாயமல்ல.

மோசடி ஒன்று வெளிப்பட்டதும் முழு ஆய்வையும் தூக்கி எறிவதும் இப்படிப்பட்ட அவசரம்தான். மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்பதை ஆராய அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1976இல் தொடங்கிய ஆய்வில், ஒரு மையம் பொய்த் தகவல்களைச் சேர்த்திருந்தது பின்னாளில் தெரியவந்தது. அந்த மையத்தின் நோயாளிகளை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. 2002இல் வெளியான இருபது ஆண்டுக் கணக்கிலும் உயிர்வாழும் காலத்தில் இரு முறைகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதைச் சொல்லி ‘சிறிய அறுவையே வென்றது’ என்று முடித்துவிடுபவர்கள் அதே அறிக்கையின் மற்றொரு வரியை விட்டுவிடுகிறார்கள்: கட்டியை எடுத்தபின் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் புற்றுநோய் திரும்பியது; கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு.