எமர்ஜென்சி, 356, பிரிவினை: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அப்பா தலைமுறைச் சென்னைக்காரர்கள் பலரைக் கேட்டால், எமர்ஜென்சி 1976 ஜனவரி 31 அன்று வந்தது என்பார்கள். அன்றுதான் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வீடு வீடாகக் கைதுகள் நடந்தன. நாடு முழுவதற்கும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதோ அதற்கு ஏழு மாதம் முன்பு, 1975 ஜூன் 25 அன்று. அந்த ஏழு மாதமும் இங்கே மாநில அரசு அதை எதிர்த்துக்கொண்டே பதவியில் இருந்தது. அதனால் பெரியவர்களின் நினைவில் தவறில்லை, அவர்கள் வாசலுக்கு அது வந்த தேதி அதுதான். ஆனால் நாம் செய்யும் முதல் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1975இல் பயன்பட்டது அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவு. 1976இல் தமிழக அரசைக் கலைக்கப் பயன்பட்டது 356ஆவது பிரிவு, அதாவது குடியரசுத் தலைவர் ஆட்சி. முதலாவது அடிப்படை உரிமைகளில் கை வைக்கும். இரண்டாவது மாநில ஆட்சியை மத்திய அரசின் கைக்கு மாற்றும், குடிமக்களின் அடிப்படை உரிமைகளை அது நிறுத்தி வைக்காது. 352 இதுவரை 1962, 1971, 1975 என மூன்று முறைதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 356ஐயோ தமிழ்நாட்டில் மட்டும் 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை பார்த்துவிட்டோம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், எந்த வழக்கு எதைப் பற்றியது என்பதே புரியாமல் போகும்.

அடுத்தது, "எமர்ஜென்சியில் நீதிமன்றங்கள் வாயைத் திறக்கவில்லை" என்ற பேச்சு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. மிசாவில், அதாவது விசாரணையின்றி அடைக்க வழி செய்த தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை (அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனுக்களை) விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அந்தக் காலத்திலேயே சொல்லின. பயம் சூழ்ந்திருந்த நேரத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. அந்தத் தீர்ப்புகளைக் கவிழ்த்தது உச்ச நீதிமன்றம். 1976 ஏப்ரல் 28 அன்று, ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், எச்.ஆர். கன்னா தனியாக ஒரு பக்கம். ஒரு காவலர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூட நீதிமன்றம் வர முடியாதா என்று விசாரணையின்போது கன்னா கேட்டார். எமர்ஜென்சி நீடிக்கும்வரை முடியாது என்பதுதான் அரசுத் தரப்பு வாதத்தின் முடிவாக இருந்தது. அடுத்த ஆண்டு கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அந்த வாதம் எதில் போய் முடியும் என்று அறிய நாம் டெல்லி வரை போக வேண்டியதில்லை. பார்க் டவுனில் அப்போது சென்னை மத்தியச் சிறை இருந்தது. இன்று அந்த இடம் மருத்துவக் கல்லூரியிடம் இருக்கிறது. முன்னாள் மேயர் சிட்டிபாபு மிசாவில் அங்கே அடைக்கப்பட்டு, அடிபட்டு, பின்னர் உயிரிழந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளைப் பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: மிசா எமர்ஜென்சியில் பிறந்த சட்டம் இல்லை. 1971இலேயே வந்துவிட்டது. சட்டம் முதலிலேயே தயாராக இருந்தது, தடுத்துக் கேட்கும் வழிதான் பிறகு அடைக்கப்பட்டது.

ஜபல்பூர் தீர்ப்பை இன்றும் செல்லுபடியாகும் சட்டம் போல எடுத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1978இன் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள 21ஆவது பிரிவின் உரிமையை அவசரநிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணமும் எடுக்கப்பட்டு, "ஆயுதக் கிளர்ச்சி" என்று மாற்றப்பட்டது. 2017இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகவே சொல்லி அதை நீக்கியது.

356 விஷயத்தில் வேறொரு தவறு. 1994இன் பொம்மை தீர்ப்பு வந்தபின் எந்த அரசைக் கலைத்தாலும் நீதிமன்றம் மீட்டுத் தந்துவிடும் என்ற நம்பிக்கை. பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்புக்கான காரணங்களை நீதிமன்றம் பார்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த, 1989இல் பதவி இழந்த கர்நாடக முதல்வர் பொம்மைக்கே அதனால் நாற்காலி திரும்பவில்லை. 2006இல் பீகார் சட்டமன்றக் கலைப்பு தவறு என்று தீர்ப்பு வந்தது, சபை மீளவில்லை. 2016இல் அருணாச்சலத்தில் ஆட்சியே மீண்டது. வழக்கில் ஜெயிப்பது வேறு, ஆட்சி திரும்புவது வேறு.

இனி, நம் ஊரில் அதிகம் சூடாகும் பகுதி. மாநில சுயாட்சி கேட்பதைப் பிரிவினை என்று சொல்வது பழைய பழக்கம். திமுக திராவிட நாடு என்ற தனி நாடு கேட்டது, உண்மை. 1962 மே 1 அன்று அண்ணா மாநிலங்களவையிலேயே எழுந்து அதைப் பேசினார். சீனப் போர் வந்தது, 16ஆவது திருத்தம் வந்தது, 1963இல் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. மத்திய மாநில உறவுகளை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட ராஜமன்னார் குழுவும், 1974இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயாட்சித் தீர்மானமும் இந்த அரசியல் சட்டத்துக்குள் நின்று அதைத் திருத்தச் சொன்னவை. இவற்றைத் திராவிட நாட்டோடு ஒரே கட்டாகக் கட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

அந்த 16ஆவது திருத்தமே பிரிவினைப் பேச்சைக் குற்றமாக்கியது என்றும் சொல்கிறோம். அது செய்தது இரண்டு வேலை. வேட்பாளர்களும் உறுப்பினர்களும் எடுக்கும் உறுதிமொழியில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. அதே காரணத்துக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இயற்ற வழி திறந்தது. அந்த வழியில் 1967இல் வந்ததுதான் உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்.

அப்படியானால் கோஷம் போட்டாலே ஜெயிலா? இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாளில் சண்டிகரில் காலிஸ்தான், அதாவது சீக்கியர்களுக்குத் தனி நாடு, என்று கோஷம் எழுப்பிய இருவரை 1995இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஓரிரு முறை எழுந்த கோஷத்துக்கு யாரும் திரளவில்லை, எந்தக் கலவரமும் நடக்கவில்லை என்பது காரணம். விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக 2002இல் வைகோ பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு அந்தச் சட்டத்தில் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதை "பொடாவை நீதிமன்றம் ரத்து செய்தது" என்று எழுதுகிறார்கள். நீதிமன்றம் பொடா செல்லும் என்றுதான் சொன்னது. 2004இல் அதை நீக்கியது நாடாளுமன்றம்.

இந்தத் தீர்ப்புகளை மட்டும் நம்பி "பேசலாம், ஒன்றும் ஆகாது" என்று இளைஞர்களுக்குச் சொல்வது ஆபத்து. தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமில்லை என்ற 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சட்ட மாணவர் ஒருவர் தன் குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று தள்ளிவிட்டது. உபாவில் பேச்சு மூலம் பிரிவினைக் கோரிக்கையை ஆதரிப்பதும் "சட்டவிரோதச் செயல்" என்ற வரையறைக்குள் வருகிறது. பழைய ராஜத்துரோகப் பிரிவு 2024 ஜூலையில் போய்விட்டது, ஆனால் அதே நாளில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு பிரிவினையைத் தூண்டுவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டனை ஆயுள் வரை போகலாம்.

கடைசியாக ஒன்று, என்னைப் பொறுத்தவரை இதுதான் அன்றாடம் வீடுகளைத் தொடுவது. அவசரநிலை அறிவிக்கப்படாத வரை அவசர அதிகாரம் எதுவும் இல்லை என்று நினைக்கிறோம். சென்னையில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் போலீஸ் கமிஷனரின் ஒரு உத்தரவிலேயே காவல் தொடங்கிவிடும், அரசும் ஆலோசனைக் குழுவும் அதை ஏற்றால் ஓராண்டு வரை விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கலாம். பயந்துபோன குடும்பங்கள் ஜாமீன் மனுவுக்காக அலைந்து நாட்களை இழக்கின்றன. ஜாமீன் கிடைத்தாலும் தடுப்புக் காவல் உத்தரவு அப்படியே நிற்கும். வழி வேறு: காவலுக்கான காரணங்களை எதிர்த்து அரசுக்கு உடனே முறையீடு அனுப்ப வேண்டும், அனுப்பிய தேதிக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. முறையீட்டைப் பரிசீலிக்க அரசு காரணமின்றித் தாமதித்தாலோ, கொடுத்த ஆவண நகல்கள் படிக்க முடியாதபடி இருந்தாலோ, தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் தரப்பட்டிருந்தாலோ, அந்த உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. அதனால் உள்ளே இருப்பவரின் கைக்கு வந்த காகிதக் கட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.