'சிரி' என்று சொல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுப்பது எப்படி?

நெல்லைப் பக்கம் எந்த ஊரிலும் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் நான்கு பயல்கள் வந்து சூழ்ந்துகொண்டு "அண்ணே, போட்டோ புடிக்கியளா, என்னைய ஒண்ணு புடிங்க" என்பார்கள். சரியென்று காமிராவைத் தூக்கியதும், அதுவரை குதித்துக்கொண்டிருந்தவன் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, தாடையைத் தூக்கி, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்துவிடுவான். முதல் இரண்டு வருடம் நான் எடுத்ததெல்லாம் இந்தக் கொடியேற்றப் படங்கள்தான். 'சிரிடா' என்பேன், பல்லைக் காட்டுவான், கண் மட்டும் சிரிக்காது.

அந்தப் படம் அவனுக்கானது, அதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், நமக்கு வேண்டிய முகம் அதற்குப் பிறகுதான் வரும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அது வருகிறவரை என்ன செய்துகொண்டிருப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். செல்போன் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

1. முதலில் கேளுங்கள்

பிள்ளை சம்மதித்தால் போதாது, வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். "எக்கா, புள்ளைய ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் திரும்பி வருகிற கேள்வி, "எதுக்கு, பேப்பர்ல போடவா?" என்பதுதான். உண்மையைச் சொல்லுங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கில் வைத்து, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. நம் மாதிரிப் பொழுதுபோக்குக்காரர்களை அது எவ்வளவு தொடும் என்பது வக்கீல்கள் பாடு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குப் பதில் சொல்லச் சட்டமா வேண்டும்?

கைக்குழந்தையாக இருந்தால் "கண்ணு பட்டுரும், வேண்டாம்" என்பார்கள். வாதாட வேண்டாம், சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாமிரபரணிப் படித்துறையில் துணியில்லாமல் குளிக்கிற பிள்ளைகளை எடுக்கவே எடுக்காதீர்கள், வெளிச்சம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கரையேறித் துவட்டி உடுத்தட்டும், ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கும் முகமே போதும்.

பெயரையும் இப்போதே கேட்டுவிடுங்கள். 1984-இல் பாகிஸ்தான் அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் பச்சைக்கண் ஆப்கன் சிறுமியின் படம், மறு வருடம் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்து உலகமெல்லாம் சுற்றியது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல்தான் வெளியே தெரிந்தது. அவ்வளவு பெரிய படத்துக்கே அந்தக் கதி. நமக்கு ஒரு பாக்கெட் நோட்டு இருந்தால் போதும்.

2. காமிராவைப் பஸ்ஸிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்

பிள்ளைக்கு முன்னால் நின்று மெனுவைத் திருகிக்கொண்டிருந்தால் அது வேறு விளையாட்டுக்குப் போய்விடும். ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஓடுகிற பிள்ளை என்றால் 1/500-ஐவிட வேகமாக. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, ஒரு முகத்துக்கு எஃப் 2.8, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்றால் எஃப் 5.6. வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 3200-இல் வையுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் மன்னிக்கலாம், கண் தெளிவில்லாமல் மங்கிப் போனால் மன்னிக்க முடியாது. காமிராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். லென்ஸ் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 தாராளம், விலையும் குறைவு.

செல்போன்காரர்கள் முதலில் லென்ஸைத் துடையுங்கள், பாதிப் படங்கள் சட்டைப்பை வியர்வையால்தான் மங்குகின்றன. அகலமாகக் காட்டுகிற வைடில் வைத்துக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும். 2 எக்ஸ் ஜூம் வைத்து ஒரு எட்டுப் பின்னால் நில்லுங்கள். பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடு பறக்கிற முடியைக் கண்டபடி வெட்டும், எனக்கு அது பிடிப்பதில்லை.

3. வெளிச்சம் இருக்கிற இடத்தில் போய் உட்காருங்கள்

பிள்ளையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து வருவதைவிட, நல்ல வெளிச்சத்தில் நாம் போய் உட்கார்ந்துகொண்டால் அதுவாகவே வரும். காலை 6.30 முதல் 8.30 வரை நல்ல நேரம், அப்புறம் சாயங்காலம் 4.30-க்கு மேல். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் மட்டும் மேற்கே மலை நிற்பதால் வெயில் முன்னாலேயே போய்விடும், அதை நம்பிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பாகக் குழி விழும். அந்த நேரத்தில் முடுக்குக்குள் நுழைந்துவிடுங்கள். இரண்டு பக்கச் சுவரும் நிழல் தர, மேலே வானம் மட்டும் திறந்திருக்கிற முடுக்கைப்போல ஒரு ஸ்டூடியோ கிடையாது.

அதைவிட நல்ல இடம் வீட்டு வாசல். பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு வீட்டில் இதைக் கற்றுக்கொண்டேன். கோரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை வாசலிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் கதவு வழியாக மட்டும் வந்து முகத்தில் விழ, பின்னால் தார்சா என்கிற முன்கூடம் முழுக்க இருட்டு, கண்ணுக்குள் வாசல் ஒரு சின்னச் சதுரமாக மினுங்கியது. கண்ணில் அந்த வெளிச்சப் பொட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், அது இல்லாத முகம் தூங்குகிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: நீங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், ஓரமாக ஒதுங்கி எடுங்கள். பின்னால் இருட்டு அதிகமாக இருந்தால் காமிரா ஏமாந்து முகத்தை வெளுக்கடித்துவிடும், ஆகவே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் இதற்கு நேர் எதிர், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். களக்காட்டுப் பக்கம் வாழைத்தோப்புக்குள் வைத்து எடுத்த ஒரு பையன் முகம் பச்சைப்பசேல் என்று வந்து, வீட்டில் எல்லோரும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். வெயில் இலையில் வடிகட்டி இறங்கினால் அப்படித்தான், தோப்பின் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். உவரிக் கடற்கரையில் கரையேற்றிய படகின் நிழலில் உட்காரவைத்தால், வெயில் பட்ட மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பியடித்து முகத்தை நிரப்பிவிடும்.

4. உட்காருங்கள்

நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் நெற்றியும்தான் வரும். தரையில் உட்காருங்கள், அல்லது பிள்ளையைத் திண்ணையில் ஏற்றிவிட்டு நீங்கள் தெருவில் நில்லுங்கள், உயரம் சரியாகிவிடும். வேட்டி அழுக்காகும், பரவாயில்லை.

5. கொடியேற்றப் படமும், அதற்குப் பிறகும்

இப்போது அவன் விறைத்து நிற்பான். எடுங்கள், திரையைத் திருப்பிக் காட்டுங்கள். எல்லோரும் முண்டியடித்துப் பார்த்து, ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்து முடிக்கட்டும். பிறகு காமிராவை மடியில் வைத்துவிட்டு அவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கோடையில் நுங்கு வண்டி இருக்கும். நுங்கு தின்றபின் மிஞ்சுகிற காலிப் பனங்காய்க் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளுகிற வண்டி. "எப்படிச் செஞ்ச?" என்று கேட்டால் விளக்க ஆரம்பிப்பான், குச்சியைச் செருகும்போது நாக்கு தானாக வெளியே வரும், அது ஒரு படம். என்னுடைய பழைய உத்தி, வேண்டுமென்றே தப்பாகக் கேட்பது. "இது என்ன தேங்காயா?" என்றால் ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், இந்த ஆளுக்குப் பனங்காய்கூடத் தெரியவில்லையே என்று, அந்த ஏளனத்தை எந்த நடிகரிடமும் வாங்க முடியாது. சிரிப்பை மட்டும் தேடாதீர்கள். யோசனை, சலிப்பு, தங்கச்சி மேல் பொறாமை, பெரியவர் பேச்சைக் கேட்டு நம்பாத முகம் எல்லாமே படம்தான். அழுகிற பிள்ளையை மட்டும் நான் எடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பது நாம்தானே, முதலில் அழுகையை நிறுத்த வேண்டியதும் நாம்தான்.

சிரித்தால் சிரிப்பின் உச்சியில் அமுக்காமல் அரை நொடி பொறுங்கள். சிரிப்பு வடிந்து முகம் தன் நிலைக்குத் திரும்பும்போது மூன்று நான்கு படம். முப்பது வேண்டாம், இரவு உட்கார்ந்து பொறுக்குவது நீங்கள்தான். 'முடிஞ்சுதா அண்ணே' என்று அவன் தோளைத் தளர்த்துகிற அந்தக் கணத்துக்கும் விரலைத் தயாராக வைத்திருங்கள், எனக்கு நல்ல படங்கள் அதிகம் கிடைத்தது அங்கேதான்.

6. காசும் மிட்டாயும் வேண்டாம்

கொடுத்தால் அடுத்து வருகிறவரிடம் பிள்ளை கை நீட்டும். பிரிண்ட் கொடுங்கள்.

7. இணையத்தில் போடும்போது

போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். படத்தோடு பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், தெரு எதுவும் எழுத வேண்டாம், யூனிஃபார்மில் பேட்ஜ் தெரிந்தால் வெட்டிவிடுங்கள். நோட்டில் எழுதிய பெயர் பிரிண்டின் பின்பக்கத்துக்கு மட்டும்.

பிரிண்ட் விஷயத்தில் நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். நுங்கு வண்டிப் பயலுக்கு 'அடுத்த வாரம்' என்று சொல்லிவிட்டு வந்து ஒரு வருடம் போகவில்லை. போனபோது ஆள் ஒரு சாண் வளர்ந்திருந்தான், வாசலிலேயே மறித்து "போட்டோ எங்க?" என்றான். நல்லவேளை, பையில் இருந்தது, ஆறுக்கு நாலு அளவில், அந்த ஏளனப் பார்வை, நான் பெருமையாக நினைத்திருந்த படம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் நேரா நின்னது எங்க?" என்றான். அவன் அம்மாவும் எட்டிப் பார்த்து, "இதுல மொகமே சரியில்லியே, அந்த நல்ல படம் இல்லியா?" என்றார். அடுத்த பஸ்ஸில் அம்பாசமுத்திரத்துக்குப் போய், ஸ்டூடியோவில் கார்டைக் கொடுத்துக் கொடியேற்றப் படத்தைப் பிரிண்ட் போட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டு கொடுத்தேன். இப்போது ஆளுக்கு இரண்டு பிரிண்டாகப் போட்டுவிடுகிறேன்.