நீச்சல் குளக் குளோரினை வீட்டில் எங்கே வைப்பது?

பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் நீச்சல் குளம் இருக்கிற வில்லாக்களில் மாடிப்படிக்குக் கீழே பாருங்கள், குளோரின் வாளியும் ஆசிட் கேனும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். முதலில் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். குளோரின் தூளில் ஆசிட் பட்டால் கிளம்பும் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஆசிட்டை ஒருபோதும் மேல்தட்டில் வைக்காதீர்கள், ஒழுகினால் கீழே இருப்பதில்தான் விழும்.

"எல்லாம் குளோரின்தானே" என்கிற நினைப்புதான் பெரிய தொல்லை. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் டிசிசிஏ (TCCA, ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்கிற குளோரின் மாத்திரையும் வேறு வேறு சரக்கு. இரண்டும் கலந்து, கூடவே கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, அதுவும் நன்றாகக் காய்ந்தது.

காற்றோட்டமான, வெயில் படாத, பூட்டுப் போட்ட வெளி அறைதான் சரி. செப்டம்பர், அக்டோபரில் இங்கே கொட்டும் மழையில் தரை ஓதமாகிவிடும் என்பதால் வாளியைப் பிளாஸ்டிக் பலகை மேல் ஏற்றிவிடுங்கள். பெட்ரோல், தின்னர், உரம், கேஸ் சிலிண்டர் எதுவும் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது. மிச்சத் தூளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்கும் சிக்கனம் வேண்டவே வேண்டாம், வந்த டப்பாவிலேயே லேபிளோடு இருக்கட்டும்.

அப்புறம், கரைக்கும்போது வாளியில் தண்ணீர் பிடித்து அதில்தான் தூளைப் போட வேண்டும், தூள் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவிடமும் இதைச் சொல்லி, கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.