புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் வாங்குவது எப்படி?

மார்ஃபின் சீட்டோடு மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக அலைய வேண்டாம். பெரும்பாலும் ‘ஸ்டாக் இல்லை’ என்றுதான் பதில் வரும். நான் வீடு வீடாகப் போகும் பேலியேட்டிவ் (வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை) நர்ஸ். குடும்பத்தாரிடம் முதலில் சொல்வது இதைத்தான்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புற்றுநோய் மருத்துவமனையிலோ பேலியேட்டிவ் ஓ.பி. எந்தக் கிழமை என்று கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காதீர்கள். நோயாளி படுத்த படுக்கையா? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

வலி பத்துக்கு எவ்வளவு என்று டாக்டர் கேட்பார். அப்பா ‘பரவாயில்லை’ என்பார். (அப்பாக்கள் எல்லாருமே அப்படித்தான்.) நீங்கள் குறுக்கே புகுந்து, ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார் என்று சொல்லுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? போதைக் கடத்தலைப் பிடிக்க 1985இல் வந்த என்.டி.பி.எஸ். சட்டம் மருத்துவமனைகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. மார்ஃபின் வைத்திருக்கப் பல துறைகளில் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. பல இடங்களில் மருந்தையே கைவிட்டார்கள். இத்தனைக்கும் மார்ஃபின் எடுக்கப்படும் அபின், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு விளைகிறது. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இப்போது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒன்றிடம் அனுமதி வாங்கினால் போதும். போதைப்பொருளைக் கட்டுப்படுத்தும் 1961 ஐ.நா. ஒப்பந்தமே வலி தீர்க்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்கிறது. அத்தியாவசிய மருந்து எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளிலும் இருக்கிறது, 3.8இல். அதனால் கவுன்ட்டரில் தயங்கி நிற்காதீர்கள். கேட்பது சலுகை இல்லை.

சரி, மாத்திரை கைக்கு வந்தாச்சு. சாதாரண மார்ஃபின் மாத்திரையை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் அநேகமாக எல்லாருக்கும் வரும். மலமிளக்கி மாத்திரையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால், மூச்சு மெதுவானால், அடுத்த வேளை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் சொல்லாமல் அளவைக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். ‘போதைக்கு அடிமையாகிடுவாரே’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுக்கும்போது அது அபூர்வம்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிச்சமானதை வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு மூட்டு வலிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.